கரைமேலழகியின் தடையில்லாச் சான்று

பதினொரு கையெழுத்து வாங்கிவிட்டேன். பன்னிரண்டாவதாகச் சம்மதிக்க வேண்டியவள் கையில் பேனா இல்லை, சூலம் இருந்தது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நானே சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள், அனுபவம் பேசுகிறது. என் பெயர் பாண்டீஸ்வரி. ஊர் வில்லாபுரம். சினிமாக்காரர்கள் மதுரைப் பக்கம் வந்து தெரு, பாலம், களத்துமேடு, கண்மாய் என்று எங்கே கேமராவை வைத்தாலும் அதற்கு அனுமதி வேண்டும். அந்த அனுமதியை வாங்கிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

ஒன்பது வருடம், பதினான்கு படம், ஆனையூர் செல்வக்குமார் அண்ணனிடம் உதவியாளராக இருந்தேன். அலுவலகம் அலுவலகமாக பெஞ்சில் உட்கார்ந்து தேய்ந்தது நான். வாசலில் காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு, "முடிஞ்சிருச்சாத்தா?" என்று போனில் கேட்டது அவர். படம் வந்ததும் திரையில் 'லொகேஷன் மேனேஜர்: ஆனையூர் செல்வக்குமார்' என்று கொட்டை எழுத்தில் வரும். என் பெயர் வராது. ஒரே ஒரு முறை, நான் சண்டை போட்டதற்காக, 'நன்றி: வில்லாபுரம் நண்பர்கள்' என்று போட்டார். அந்த நண்பர்கள் நான்தான்.

இதில் எனக்கு வந்த கோபத்தைவிட அம்மாவுக்கு வந்த ஏமாற்றம்தான் பெரிது. என் அம்மா மலையம்மாள் ஐந்தாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டி வாசிப்பாள். பதினான்கு படத்துக்கும் என்னோடு தியேட்டருக்கு வந்தாள். எல்லோரும் எழுந்து போன பிறகும் கடைசி எழுத்து ஓடி முடியும்வரை அசைய மாட்டாள். கூட்ட வருகிறவர் துடைப்பத்தோடு நின்று, "ஆத்தா, படம் முடிஞ்சுபோச்சு" என்பார். "எம் மக பேரு இன்னும் வரலப்பா" என்பாள் அம்மா. அந்த நேரத்தில் சீட்டுக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று இருக்கும் எனக்கு.

பதினான்காவது படம் பார்த்துவிட்டு வந்த அன்றே செல்வக்குமார் அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டேன். "அண்ணே, இனிமே நீங்களே பெஞ்சுல உக்காருங்க."

அவர் சிரித்தார். "போத்தா, போ. நான் இல்லாம ஒரு கையெழுத்து வாங்கிருவியா நீ? பாப்போம்."

மூன்று மாதம் வேலை இல்லை. அப்புறம் சென்னையிலிருந்து சூரியபிரகாஷ் என்று ஒரு இயக்குநர் வந்தார். முதல் படம். தண்ணீர் நிறைந்த ஒரு கண்மாய், கரையில் பனைமரங்கள், நடுவில் நாற்பது வாத்துகள், அதற்கு நடுவே பரிசலில் கதாநாயகன். இவ்வளவுதான் கேட்டார். கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே போனால் ஓடைக்கரைப்பட்டி என்று ஒரு ஊர். அந்தக் கண்மாயைக் காட்டியதும் மனுஷன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தபடியே ஒரு விஷயம் சொன்னார். "அக்கா, ஹீரோ டேட் வியாழன், வெள்ளி ரெண்டே நாள்தான். அதை விட்டா ஆறு மாசம். அப்போ இதுல தண்ணி இருக்காது. வியாழக்கிழமை காலைல கேமரா ஓடுச்சுன்னா, லொகேஷன் மேனேஜர்னு திரையில உங்க பேரு மட்டும் தனி கார்டா வரும். ஓடலைன்னா, தப்பா நினைச்சுக்காதீங்க, செல்வக்குமார் சாரைக் கூப்பிடச் சொல்லி புரொடியூசர் சொல்லிட்டார்."

தனி கார்டு! எனக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை.

அலைந்தேன். கண்மாய்க்கு ஒரு துறை, கரைக்குப் போகும் பாதைக்கு ஒரு துறை, பாதுகாப்புக்கு ஒரு துறை. சுற்றிலும் தண்ணீர் கிடக்கும் இடத்துக்குத் தீயணைப்புச் சான்று. டிரோன் பறக்க ஒரு தாள். வாத்துகளுக்குத் தனிக் கோப்பு. நாற்பது வாத்துக்கும் வயது, உடல்நிலை, மருத்துவர் சான்று. என்னுடைய ரேஷன் கார்டில்கூட என் வயது தப்பாக இருக்கிறது. வாத்துகளுக்கு எல்லாம் சரியாக இருந்தது.

ஒவ்வொரு தாளும் மூன்று நகல் கேட்டார்கள். அதற்குக் கொட்டாம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்கார அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். நைட்டி, தோளில் துண்டு, காதில் பென்சில். ஒவ்வொரு தாளையும் முழுதாகப் படித்த பிறகுதான் மெஷினில் வைப்பாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, படிக்கக் குடுக்கல. ஜெராக்ஸ் எடுக்கக் குடுத்தேன்."

"எழுத்து தெரிஞ்சவளுக்குக் கண்ணு சும்மா இருக்குமாத்தா?" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே. "இதென்ன, எட்டாம் நம்பர் வாத்துக்குக் கால் வீக்கம்னு போட்டுருக்கு? பாவம்."

"வெரசா குடுக்கா. எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு."

"விண்ணப்பதாரர் பாண்டீஸ்வரி. நீதானா அது?"

"நான்தான். வேற எவ இப்படி அலைவா?"

இப்படி நான்கைந்து தடவை அவளிடம் எரிந்து விழுந்திருப்பேன். அவள் ஒரு தடவைகூடத் திருப்பிக் கத்தவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதினொரு கையெழுத்தும் முடிந்தது. கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரைப்பட்டிப் பஞ்சாயத்துத் தலைவர் உக்கிரபாண்டி வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, எல்லாத் தாளையும் புரட்டி, கோப்பை மூடி என் மடியிலேயே வைத்தார்.

"பேப்பரெல்லாம் பொன்னாட்டம் இருக்குத்தா. கண்மாய் கவர்மென்ட்டோடது, சரி. கரை?"

"அதுவும் கவர்மென்ட்தானய்யா?"

"கரை கரைமேலழகியோடது. அவ கோயில் வாசல்லதான நீ கேமரா வைக்கணும்கிற? செவ்வாக்கெழம காலைல பூப்போட்டுக் கேப்போம். அவ உத்தரவு குடுத்தா ஊரே வந்து ஒனக்கு ஒத்தாச பண்ணும். குடுக்கலேன்னா கலெக்டரே வந்தாலும் கரையில கால் வைக்க முடியாது."

பூப்போட்டுக் கேட்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் சாமி காலடியில் வைப்பார்கள். ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. கல்யாணம் பேசுவதிலிருந்து போர்வெல் போடுவதுவரை இப்படித்தான்.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அம்மன் இஷ்டம்ங்கய்யா" என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு. ஏனென்றால் இந்த வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் செல்வக்குமார் அண்ணன். எங்கள் இரண்டாவது படத்தில் ஒரு ஊரில் இதே சிக்கல் வந்தது. "ஆத்தா, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையக் கட்டி வச்சிரு. புள்ள எதை எடுத்தா என்ன?" என்றார். அப்படியே செய்தோம். அதற்கப்புறம் நான்கு ஊரில் நான்கு சாமி எங்களுக்கு வெள்ளைப் பூவாகவே கொடுத்தது.

பாவம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பதினான்கு படத்துக்கு என் பெயரை விழுங்கிய பாவத்தை யார் கணக்கில் எழுதுவது? இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மாட்டுத்தாவணியில் நந்தியாவட்டைப் பூ வாங்கினேன். இரண்டு வாழையிலைத் துண்டில் வைத்து மடித்து, நாரால் கட்டி, கைப்பைக்குள் வாத்துக் கோப்புக்கு அடியில் பத்திரமாக வைத்தேன்.

கோயிலில் ஊரே கூடியிருந்தது. சூரியபிரகாஷ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் மாட்டிக்கொண்டு பயபக்தியாக நின்றார். உள்ளேயிருந்து மணிச் சத்தம் கேட்டது. பூசாரி வெளியே வந்தாள். மஞ்சள் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், காதில் பென்சில் இல்லை. ஜெராக்ஸ் கடை அக்கா!

"என்னத்தா முழிக்கிற?" என்றாள். "இந்த வருசம் பூசை எங்க வீட்டு முறை. எம் பேரு மாயக்கா. நீதான் இம்புட்டு நாளும் கேக்கலையே."

பல்லைக் காட்டினேன்.

அதற்குள் கரை மேல் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து, வெள்ளை வேட்டியும் விபூதியுமாக, செல்வக்குமார் அண்ணன் இறங்கினார். நேராக அவரிடம் போனேன்.

"நீங்க எங்கண்ணே இங்கிட்டு?"

"அம்மன் கூப்பிட்டுச்சு, வந்தேன். ஒனக்காகவும் வேண்டிக்கிறேன்த்தா" என்றார். வேண்டிக்கொள்ள வந்த முகமா அது? கிடைக்காமல் போனால் அந்த இடத்திலேயே இயக்குநரைக் கையைப் பிடித்துக் காரில் ஏற்றிக்கொண்டு போக வந்த முகம்.

மாயக்கா எல்லோர் கண் முன்னாலும் ஒரு இலையில் நந்தியாவட்டையும் இன்னொன்றில் செவ்வரளியும் வைத்துக் கட்டினாள். கலக்கி, அம்மன் காலடியில் வைத்தாள். பிறகு, "வாங்க, கால் கழுவிட்டு வருவோம். அம்மன் தனியா இருந்து யோசிக்கட்டும்" என்று முன்னால் நடந்தாள். அது அந்த ஊர் வழக்கம். ஊரே கண்மாய்க்கு இறங்கியது. கோயிலில் ஒரு ஈ, காக்கை இல்லை. எனக்கென்றே ஏற்படுத்திய வழக்கம் போல இருந்தது.

பாதி வழியில், "அய்யய்யோ, போனை விட்டுட்டேன்" என்று திரும்பினேன். உள்ளே போனேன். அம்மன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தாயே, மன்னிச்சுக்க. தனி கார்டு" என்று மட்டும் சொன்னேன். அங்கிருந்த இரண்டு பொட்டலத்தையும் எடுத்துப் பைக்குள் போட்டு, என்னுடைய இரண்டையும் வைத்தேன். இரண்டு நிமிட வேலை. தண்ணீரில் இறங்கி நல்ல பிள்ளையாகக் கால் கழுவினேன்.

செல்வக்குமார் அண்ணனைக் கரையில் காணவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, போனைக் காதில் வைத்தபடி கோயில் பக்கமிருந்து வந்தார். "டவர் கெடைக்க மாட்டேங்குது" என்றார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாயக்கா எல்லோருக்கும் கடைசியாக, ஈரமில்லாத காலோடு வந்தாள். அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இவ்வளவு கூறுகெட்டவளாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

எல்லோரும் சன்னதி முன்னால் கூடினோம். உக்கிரபாண்டி அய்யாவின் பேத்தி தமிழ்வாணி, முன்பல் இரண்டும் விழுந்த ஆறு வயதுக் குட்டி, பட்டுப்பாவாடையில் தயாராக நின்றாள். மாயக்கா கண்ணை மூடி, மணியை ஆட்டி, உரக்கச் சொன்னாள்.

"இந்தத் தடவ அம்மன் கேக்குறது செவப்பு. செவப்பு வந்தா உத்தரவு. வெள்ள வந்தா, கேமராவக் கட்டிக்கிட்டு ஊரு போய்ச் சேர வேண்டியதுதான்."

எனக்குக் காதுக்குள் ஙொய் என்றது. சிவப்பா? நான் வைத்திருப்பது இரண்டும் வெள்ளை!

"அக்கா!" என்று கத்திவிட்டேன். "வெள்ளைதான உத்தரவு? எல்லா ஊர்லயும் வெள்ளைதான?"

"ஆமா! வெள்ளைதான் உத்தரவு!" என்று என்னைவிடச் சத்தமாக ஒரு குரல் கத்தியது. திரும்பினால் செல்வக்குமார் அண்ணன்.

கூட்டம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. ஒருத்தி காரியம் நடக்கணும் என்று வந்தவள், ஒருத்தர் நடக்கக்கூடாது என்று வந்தவர். இரண்டு பேரும் ஒரே வார்த்தையை ஒரே நேரத்தில் சொன்னால் யாருக்குத்தான் விளங்கும்? எனக்கே விளங்கவில்லை.

உக்கிரபாண்டி அய்யா கையமர்த்தினார். "மத்த ஊரு கத நமக்கு எதுக்கு? இங்க நெறத்தச் சொல்றது பூசாரி வாயி. அன்னன்னைக்கு அம்மன் என்ன சொல்ல வைக்கிதோ அதான். கடைசியிலதான் சொல்லுவாக. களவாணிப் பயலுக முன்கூட்டியே ஏதும் பண்ணிறக் கூடாதுல்ல."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் என்ன செய்வான்? வாயைப் பொத்திக்கொண்டு நிற்பான். நின்றேன். "அக்கா, பிள்ள எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு சூடம் பொருத்திக்கிரட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தேன். சூடம் பொருத்தும் சாக்கில் எப்படியாவது அந்தப் பொட்டலத்தில் கையை வைத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

"அதெல்லாம் வேணாம், எமகண்டம் வந்துரும். இன்னொரு நாளைக்குக் கேப்போம்" என்றார் செல்வக்குமார் அண்ணன். அவர் நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியிருந்தது. இந்த மனுஷனுக்கு எதற்கு வியர்க்கிறது? வெள்ளை வந்தால் இவருக்குக் கொண்டாட்டம்தானே?

"ரெண்டு பேரும் வாய மூடுறீகளா?" என்றாள் மாயக்கா. "ஏத்தா தமிழு, எடு."

குட்டியின் கை இடது பொட்டலத்துக்குப் போனது. நின்றது. மூக்கைச் சொறிந்தது. வலது பொட்டலத்துக்குப் போனது. திரும்ப இடதுக்கு வந்து எடுத்தது. எதை எடுத்தால் என்ன, என் தலையெழுத்து ஒன்றுதான். துடைப்பத்தோடு நிற்கிற தியேட்டர்காரர் முகம் எனக்குக் கண்ணுக்குள் வந்தது. 'எம் மக பேரு இன்னும் வரலப்பா.'

மாயக்கா நாரைப் பிரித்தாள். இலையை விரித்துத் தூக்கிக் காட்டினாள்.

செக்கச் சிவந்த அரளி.

பெண்கள் குலவை போட்டார்கள். சூரியபிரகாஷ் என்ன நடந்தது என்று புரியாமலே கைதட்டினார். செல்வக்குமார் அண்ணன் படியில் தொப்பென்று உட்கார்ந்தார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது வழக்கமாம். மாயக்கா அதைக் கொண்டுபோய்க் கண்மாயில் வீசிவிட்டாள்.

நான் வைத்தது வெள்ளை. வந்தது சிவப்பு. பைக்குள் கைவிட்டு, நான் எடுத்த ஊர்ப் பொட்டலங்களைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் அங்கேயே இருந்தன. அப்படியானால் இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அம்மன்! நான் செய்த களவாணித்தனத்தைப் பார்த்தும் எனக்காகப் பூவையே மாற்றிவிட்டாள். சன்னதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். விழுந்தவள் அழுதேன். இனி எந்தச் சாமியிடமும் வித்தை காட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்த ஒரு நாள் எனக்கு இருந்த பக்தி, என் வாழ்நாளில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மறுநாள் காலையில் கோயில் சம்மதக் கடிதம் வாங்க மாயக்கா கடைக்குப் போனேன். மறுபடி நைட்டி, துண்டு, காதில் பென்சில். கடிதத்தை அடித்துத் தருவதற்குப் பதிலாக மேசை டிராயரைத் திறந்து இரண்டு இலைப் பொட்டலத்தை என் முன்னால் வைத்தாள். உள்ளே வாடிப்போன நந்தியாவட்டை. என்னுடைய நார். என்னுடைய முடிச்சு.

"இது எப்படிக்கா ஒங்ககிட்ட?"

"மதிலுக்குப் பின்னால கெடந்துச்சு. ஆனையூர்க்காரரு வீசிட்டுப் போனாரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த அதே வித்தை. நான் இரண்டும் வெள்ளையாக வைத்துவிட்டு வந்தேன். எனக்குப் பின்னாலேயே போன செல்வக்குமார் அண்ணன், சிவப்பு வந்தால் உத்தரவு இல்லை என்ற நினைப்பில், என்னுடையதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டும் சிவப்பாக வைத்திருக்கிறார். வியர்வைக்குக் காரணம் அதுதான்.

"நீங்க பாத்தீகளா?"

"காலு கழுவப் போனவ பாதியில வேம்புக்குப் பின்னாடி நின்னுட்டேன். மொத நீ போன. பெறகு அவரு போனாரு. கண்காட்சி மாதிரி வரிசையா. ரெண்டு பேரும் போன பெறகு போய்ப் பிரிச்சுப் பாத்தேன். ரெண்டும் செவப்பு."

"அப்ப, அதுக்கப்புறந்தான் செவப்புன்னு…"

"அதுக்கப்புறந்தான் சொன்னேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே தலைகீழாக இருந்தது. நேற்று அழுத அழுகையை நினைத்து எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் வந்தது.

"அக்கா, அது அம்மன் சொல்ல வேண்டியதில்ல? நீங்களா முடிவு பண்ணலாமா?"

மாயக்கா பென்சிலை எடுத்து மேசையில் வைத்தாள். முதல் தடவையாக அவள் குரல் ஏறியது.

"யாரப் பாத்துடி கேக்குற? அம்மன் பூவ ரெண்டு களவாணிகளும் தூக்கிட்டீக. அவளுக்குன்னு அங்க என்ன மிச்சம் இருந்துச்சு? என் வாயி ஒண்ணுதான் மிச்சம். அதுல பேசுனா."

பொட்டலங்களை எடுத்துப் பைக்குள் போட்டேன். ஆனால் ஒன்று மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏங்கா எனக்குக் குடுத்தீக? நான் ஒங்கள அம்புட்டு ஏசிருக்கேன்."

"அந்தாளு வெள்ளிக்கெழம இங்க வந்து ஒரு மொட்டப் பெட்டிசனை ஒம்பது காப்பி எடுத்தாரு. 'பெயர் சொல்ல விரும்பாத பொதுமக்கள்'னு போட்டு, ஒன் ஷூட்டிங்க நிறுத்தச் சொல்லி. பொதுமக்கள் ஏசி கார்ல வந்து ஜெராக்ஸ் எடுத்தாக" என்று சிரித்தாள். "நீ ஏசுனாலும், பதினோரு பேப்பர்லயும் ஒம் பேரப் போட்டு, அடியில கையெழுத்தும் போட்டுருந்த. அதான்."

பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "சும்மா இல்ல. ஒரு நிபந்தன இருக்கு."

"சொல்லுங்கக்கா."

"எங்க கண்மாயில ரெண்டு படம் எடுத்துருக்காங்க. ஒண்ணுல இது தேனிப் பக்கமாம். இன்னொண்ணுல எங்க ஊர்ப் பலகைய மறச்சு, மேல வேற பேர ஒட்டிட்டாக. ஊரே வேன் புடிச்சுப் போய்ப் படம் பாத்தோம். எங்க பனமரம் வருது, எங்க அம்மன் வாரா, எங்க ஆட்டுக்குட்டி வருது. பேரு மட்டும் வரல. எம்புட்டு வலிச்சுச்சு தெரியுமா? ஒனக்குத் தெரியும். முகத்தப் பாத்தாலே தெரியுது."

"நன்றி கார்டுல கண்டிப்பா போடச் சொல்றேன்க்கா."

"நன்றி கார்டு வர்றப்ப தியேட்டர்ல கரண்ட்ட அமத்திருவான். தனியாப் போட்டாலும் கடைசி நேரத்துல வெட்டிருவான். ஒம் பேர நீ வெட்ட விடுவியா?"

"உயிரே போனாலும் விடமாட்டேன்."

"அப்ப ஒம் பேருக்கு முன்னாடி எங்க ஊர ஒட்டிரு. அதுவும் தப்பிச்சுக்கிரும்."

கடிதம் பிரிண்டரிலிருந்து சூடாக வந்தது. தடையில்லாச் சான்று, நிபந்தனை ஒன்று. அதைப் படித்தேன். மறுபடி படித்தேன். வில்லாபுரத்தை நினைத்துக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். மூன்று காப்பி எடுத்தாள், இந்தத் தடவை படிக்காமல்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்குக் கேமரா ஓடியது. முப்பத்தொன்பது வாத்துகள் சொன்னபடி கேட்டன. எட்டாம் நம்பர் மட்டும் கதாநாயகனைக் கடித்தது.

எட்டு மாதம் கழித்துப் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். பின் வரிசை முழுக்க ஓடைக்கரைப்பட்டி. வேன் பிடித்து வந்திருந்தார்கள். மாயக்கா அம்மாவுக்குப் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள். படம் முடிந்ததும் மற்றவர்கள் எழுந்தார்கள். நாங்கள் யாரும் எழவில்லை.

திரையில் தனி கார்டு வந்தது.

'லொகேஷன் மேனேஜர்: ஓடைக்கரைப்பட்டி பாண்டீஸ்வரி.'

பின்னால் விசில் பறந்தது. "எங்க ஊரு! எங்க ஊரு!" என்று உக்கிரபாண்டி அய்யா துண்டைச் சுழற்றினார். அம்மா மட்டும் எழுத்துக்கூட்டி முடித்துவிட்டு, முகம் வாடி, என் பக்கம் திரும்பினாள்.

"யாருடி அவ? ஒம் பேராவே இருக்கு."

"நாந்தாம்மா அது."

"வில்லாபுரம் எங்கடி?"

"அத நாந்தான் எடுத்துக்கிட்டேன் ஆத்தா" என்றாள் மாயக்கா. "எங்க ஊரக் குடுத்துருக்கேன். ஒங்க மகதான். ஒங்க மகளேதான்."

அம்மா திரையைப் பார்த்தாள். கார்டு போய்விட்டிருந்தது. சின்ன எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. கடைசிக்கு முந்தைய வரியில், நான் ஒற்றைக் காலில் நின்று போடவைத்தது, 'நன்றி: ஆனையூர் நண்பர்கள்' என்று போனது. பொய்யான நன்றி என்று யாரும் சொல்ல முடியாது. அந்தச் சிவப்பு அரளி அவர் வாங்கி வந்ததுதான்.

விளக்குப் போட்டார்கள். துடைப்பத்தோடு அதே ஆள் வந்து எங்கள் வரிசையில் நின்றார்.

"ஆத்தா, படம் முடிஞ்சுபோச்சு."

"தெரியும்ப்பா" என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு காலையும் தூக்கிச் சீட்டு மேல் வைத்துக்கொண்டாள். "எம் மக பேரு வந்துருச்சு. நீ கூட்டு."